அடிக்கு ஒரு நூல்: தேக்கு அலமாரி செய்யும்போது மரம் அசையறதுக்கு இடம் விடுறது எப்படி (முழுமையான வழிகாட்டி)

நான் முதல்ல செஞ்ச தேக்கு அலமாரியோட பக்கப் பலகை ஒரு சித்திரை மாசத்துல மேலிருந்து கீழ வரைக்கும் வெடிச்சுது. நல்ல கட்டை, சேகு (மரத்தோட கெட்டியான நடுப்பகுதி) மட்டும்தான், வெள்ளை (வெளிப்பக்க இளமரம்) ஒரு இடத்துல கூட இல்ல. மரத்துல குறை சொல்லவே முடியாது, தப்பு நான் பண்ணதுதான். கார்த்திகை மழைல செஞ்சேன், டிராயர் ஓடுறதுக்காக உள்பக்கம் நாலு சட்டத்தை பலகைக்கு குறுக்கா வச்சு பெவிகாலும் போட்டு ஸ்க்ரூவும் போட்டு இறுக்கிட்டேன், அசையவே கூடாது, பலமா இருக்கணும்னு. மழைல உப்பியிருந்த பலகை வெயில்ல சுருங்கப் பார்த்துச்சு, சட்டம் விடல, வேற வழி இல்லாம பிளந்துடுச்சு. அதுக்கப்புறம்தான் இதை ஒழுங்கா கத்துக்கிட்டேன். ப்ளைவுட்ல செய்யறவங்களுக்கு இது எதுவும் தேவையில்ல, முழு மரத்துல செய்யணும்னு ஆசைப்படுறவங்களுக்காக எழுதுறேன்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு அலமாரியை எடுத்துக்கலாம்: 4 அடி உயரம், 3 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம், மேல ரெட்டைக் கதவு, கீழ ரெண்டு டிராயர், எல்லாமே தேக்கு. அளவு சில இடத்துல நூல் கணக்குல சொல்லுவேன், 1 நூல்னா இன்ச்சுல எட்டுல ஒரு பங்கு, கிட்டத்தட்ட 3 மி.மீ.

முதல்ல: மரம் எந்தப் பக்கம் அசையும்

காத்துல ஈரம் ஏறினா மரம் அதை இழுத்துக்கும், காத்து காய்ஞ்சா விட்டுடும். வெட்டி எத்தனை வருஷம் ஆனாலும் இது நிக்காது, நூறு வருஷப் பழைய உத்தரத்தை அறுத்து செஞ்சாலும் அசையும். வீட்டுக்குள்ள காத்தோட ஈரப்பதம் 50 சதவீதமா இருந்தா மரத்துக்குள்ள ஈரம் சுமார் 9 சதவீதத்துல வந்து நிக்கும், 65னா 12, 80னா 16. சென்னை, கடலூர், நாகை பக்கம் ஐப்பசி கார்த்திகை அடைமழைல 80ஐத் தொடுறது சாதாரணம், அதே வீட்டுல பெட்ரூம்ல ஏசி ஓடினா அந்த ரூம் மட்டும் 50 பக்கம் இறங்கிடும். அந்த ரெண்டுக்கும் நடுவுல 7 சதவீதம் வந்தாலும் நான் எப்பவும் 5 சதவீத ஈர வித்தியாசத்துக்கு கணக்கு போட்டுக்குவேன். பாலிஷ் போட்ட மரம் மெதுவாத்தான் ஈரம் ஏறி இறங்கும்ங்கறதால அந்த எல்லை வரைக்கும் முழுசா போகாது, இந்தக் கணக்கு போதும்.

இப்ப முக்கியமான விஷயம். பலகையோட நீளவாக்குல, அதாவது ரேகை ஓடுற திசைல, மரம் அசையாதுன்னே வச்சுக்கலாம், 4 அடி நீளத்துக்கு அரை மி.மீ. கூட வராது. அசையறது முழுக்க அகலவாக்குலதான். அந்த அகலத்துலயும் ரெண்டு விதம் இருக்கு. பலகையோட முனையைப் பாருங்க, வளையக்கோடு தெரியும். அந்தக் கோடு பலகையோட முகத்துக்கு படுத்த மாதிரி ஓடினா அது படுத்த ரேகைப் பலகை, முகத்துல மலை மலையா டிசைன் வரும், இதுதான் அதிகமா அசையும். கோடு முகத்துக்கு செங்குத்தா நின்னா நின்ன ரேகைப் பலகை, முகத்துல கோடு கோடா நேரா ஓடும், அசைவு முன்னதுல கிட்டத்தட்ட பாதி.

தேக்கு கம்மியா அசையற மரங்கள்ல ஒன்னு, அதுக்கு அவ்வளவு மதிப்பு இருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம். பச்சை மரத்துல இருந்து எலும்பா காயற வரைக்கும் படுத்த ரேகைல 5.8 சதவீதமும் நின்ன ரேகைல 2.5 சதவீதமும்தான் சுருங்கும். நம்ம 5 சதவீத ஈர வித்தியாசத்துக்கு இதைக் கணக்கு போட்டா படுத்த ரேகைல ஒரு அடி அகலத்துக்கு 2.8 மி.மீ. வருது, அதாவது அடிக்கு ஒரு நூல். நின்ன ரேகைன்னா அடிக்கு அரை நூல். பட்டறைல கால்குலேட்டர் தேட வேண்டாம், இதை மனசுல வச்சுக்கிட்டாலே போதும். வேற மரம் எடுக்கறீங்கன்னா இந்த அளவை அப்படியே நம்பாதீங்க, கூடுதலா இடம் விடுங்க.

மரத்தைத் தயார் பண்றது

மரவாடில "சீசன் பண்ண மரம்தான் சார்"னு சொல்றதை மட்டும் நம்பி அறுக்க ஆரம்பிச்சுடாதீங்க. வாங்கிட்டு வந்ததும் பலகைகளை தரைல இருந்து ஒரு அடி தூக்கி, ஒவ்வொரு பலகைக்கு நடுவுலயும் ரீப்பர், அதாவது மெல்லிய மரச்சட்டம் வச்சு (ரீப்பர் எல்லாம் ஒன்னுக்கு மேல ஒன்னு நேர்கோட்டுல வரணும், இல்லன்னா பலகை அலை அலையா வளையும்), முனைகள்ல பெயிண்ட் அடிச்சு, நிழல்ல காத்து வர்ற இடத்துல அடுக்குங்க. முனை வழியா ஈரம் ரொம்ப வேகமா போகும், பெயிண்ட் அடிக்கலன்னா முனைல வெடிப்பு விழும். முடிஞ்சா கடைசி ரெண்டு மூணு வாரம் அலமாரி நிக்கப் போற ரூம்லயே வச்சிருங்க, குறிப்பா ஏசி ரூம்னா.

ஈரம் பாக்க பின் குத்துற மீட்டர் ஆன்லைன்ல கிடைக்குது, வாங்கலாம். இல்லன்னா வேற வழி இருக்கு: பலகையோட முனைல இருந்து ஒரு அடி உள்ள தள்ளி, முழு அகலத்துக்கும் ஒரு இன்ச் துண்டு வெட்டி, கிராம் கணக்கா காட்டுற தராசுல நிறுத்து எழுதிக்கோங்க, ஓவன்ல 100 டிகிரிக்கு கொஞ்சம் மேல வச்சு எடை குறையறது நிக்கற வரைக்கும் காய வைங்க, மறுபடி நிறுங்க. முன்ன 112 கிராம், பின்ன 100 கிராம்னா ஈரம் 12 சதவீதம். நம்ம கடலோர ஊருக்கு 11ல இருந்து 13 வரைக்கும் இருந்தா எனக்கு திருப்தி. உள் மாவட்டத்துக்கு இன்னும் ஒன்னு ரெண்டு கம்மியா இருந்தா நல்லது.

செய்யற அன்னைக்கு மரம் எந்த நிலைல இருக்குன்னு ஒரு பலகைல பென்சிலால எழுதி வச்சிடுங்க, "கார்த்திகை, ஈரம் 14%" இந்த மாதிரி. ஏன்னா கீழ சொல்ற ஒவ்வொரு இடைவெளியும் இதை வச்சுத்தான் மாறும். காய்ஞ்ச காலத்துல செஞ்சா மரம் இனி உப்பத்தான் போகுது, இடைவெளி தாராளமா வேணும். மழைல செஞ்சா சுருங்கத்தான் போகுது, இடைவெளி கம்மியா விட்டாப் போதும், ஆனா காடிக்குள்ள (பலகை ஓரத்தை செருகறதுக்கு வெட்டற நீளப் பள்ளம்) பலகை ஆழமா போயிருக்கணும்.

பெட்டி: ரேகை எல்லாம் ஒரே வட்டமா சுத்தி வரணும்

பக்கப் பலகை ரெண்டுலயும் ரேகை மேலிருந்து கீழ. மேல் பலகை, கீழ் பலகை, நிலையான தட்டு இதுலல்லாம் ரேகை இடமிருந்து வலம். இப்படி வச்சா எல்லாப் பலகையும் முன்பின்னா, அதாவது ஆழ வாக்குல மட்டும்தான் அசையும், சேர்ந்தே உப்பும் சேர்ந்தே சுருங்கும், ஒன்னை ஒன்னு இழுக்காது. ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒன்றரை நூல் வரைக்கும் அசைவு வரும், ஆனா மொத்தப் பெட்டியும் சேர்ந்து அசையறதால யாருக்கும் தெரியாது. இந்த மூலைகள்ல புறாவால் மூட்டு (டவ்டெயில்) போடுங்க, காடி போட்டு தட்டை செருகுங்க, முழுசா பெவிகால் போடுங்க, ஒன்னும் ஆகாது. ஒரு எச்சரிக்கை மட்டும்: பக்கப் பலகை நின்ன ரேகையாவும் தட்டு படுத்த ரேகையாவும் இருந்தா ரெண்டும் ஒரே அளவுக்கு அசையாது, அப்ப தட்டுக்கு முன்பக்கம் ரெண்டு மூணு இன்ச்சுக்கு மட்டும் பசை போட்டா போதும்.

அகலமான பலகை கிடைக்காது, 5 இன்ச் 6 இன்ச் பலகைகளை ஓரத்தோட ஓரம் ஒட்டித்தான் ஒன்றரை அடி ஆக்கணும். இதுக்கு பசை முழுசா போடலாம், ரேகை எல்லாம் ஒரே திசைல ஓடுது இல்லையா, அதனால அசைவுக்கு ஒரு தடையும் இல்ல. ஒட்டும்போது வளையத்தை ஒன்னு மேல் நோக்கி ஒன்னு கீழ் நோக்கி மாத்தி மாத்தி வைக்கணும்னு நிறைய பேர் சொல்லுவாங்க. படுத்த ரேகைப் பலகை காயும்போது வளையக்கோடு நிமிரப் பார்க்கற மாதிரி வளையும், அதை சமன் பண்றதுக்காகத்தான் அந்த ஏற்பாடு. நான் அதைவிட ரேகை அழகா சேர்றதைத்தான் பாப்பேன், மரம் ஒழுங்கா காய்ஞ்சிருந்தா வளைவு பெரிய பிரச்சனையா வர்றதில்ல.

இப்ப என் பலகை வெடிச்ச இடத்துக்கு வருவோம், டிராயர் சட்டம். டிராயர் உக்கார்ந்து ஓடுற சட்டம் முன்பின்னா போகுது, அதோட ரேகையும் முன்பின், அதனால அது நீளத்துல அசையாது. அது ஒட்டியிருக்கற பக்கப் பலகையோ அதே திசைல ஒன்றரை நூல் அசையும். இந்த ரெண்டையும் பசை போட்டு ஒட்டினா ரெண்டுல ஒன்னு தோத்தே ஆகணும், ரேகைக்கு குறுக்கா இழுபடறது பலகை, அந்தத் திசைல மரத்துக்கு பலம் கம்மி, அதனால பலகைதான் தோக்கும். செய்ய வேண்டியது இதுதான்: முன்பக்கம் ஒரே ஒரு ஸ்க்ரூ, அதுக்கு சாதாரண வட்ட ஓட்டை, அந்த ரெண்டு இன்ச்சுக்கு மட்டும் வேணும்னா பசை. நடுவுலயும் பின்னாடியும் போடுற ஸ்க்ரூவுக்கு சட்டத்துல நீள ஓட்டை, 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு ஓட்டை முன்பின்னா 13 மி.மீ. நீளம். பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்டை போட்டு நடுவுல உளியால எடுத்தாலே நீள ஓட்டை வந்துடும். ஸ்க்ரூவை அதோட நடுவுல நிறுத்தி, வாஷர் போட்டு, இறுக்கிட்டு கால் சுத்து திருப்பித் தளர்த்துங்க. சட்டம் முன்னாடி பிடிச்சு நிக்கும், பலகை பின்பக்கமா தாராளமா போய் வரும்.

டெலஸ்கோபிக் சேனல் (டிராயர் ஓடுற இரும்புத் தண்டவாளம்) போடுறவங்களுக்கும் இதேதான். சேனலை உத்துப் பாருங்க, அதுல வட்ட ஓட்டையும் இருக்கும், படுக்கை நீள ஓட்டையும் இருக்கும். முன்னாடி மட்டும் வட்ட ஓட்டைல போடுங்க, பின்னாடி படுக்கை நீள ஓட்டைல போடுங்க. நிறைய பேர் கைக்கு கிடைச்ச ஓட்டைல எல்லாம் ஸ்க்ரூவை ஏத்திடறாங்க, ப்ளைவுட்டுக்கு அது சரி, முழு மரத்துக்கு சரி கிடையாது. பக்கவாட்டுல அழகுக்கு ஒட்டுற கார்னிஸ் பட்டை, கீழ அடிப்பட்டை எல்லாத்துக்கும் இதே விதி: முன் மூலைல பசை, பின்னாடி உள்பக்கமா நீள ஓட்டை ஸ்க்ரூ.

மேல் பலகை பெட்டியோட பாகமா இல்லாம தனியா ஒரு சட்டத்து மேல உக்கார்ற மாதிரி செஞ்சா அதை ஒட்டவே கூடாது. மரப் பொத்தான் செய்யுங்க: ஒன்னரை இன்ச் நீளத் துண்டு, ஒரு பக்கம் நாக்கு, அந்த நாக்கு சட்டத்துல போட்ட காடிக்குள்ள போகும், மறுபக்கம் ஸ்க்ரூ போட்டு மேல் பலகைல மாட்டணும். முன்னாடி இருக்கற பொத்தான் காடிச் சுவரை ஒட்டி இறுக்கமா, பின்னாடி இருக்கறதுக்கு ரெண்டு நூல் இடம். அப்ப முன்பக்கம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற ஓரம் எப்பவும் ஒரே அளவா இருக்கும், அசைவு எல்லாம் சுவர்ப் பக்கம் போயிடும்.

கதவு: நடுப்பலகைக்கு ஒரு சொட்டு பசை கூடக் கூடாது

பழைய வீட்டுத் தேக்குக் கதவை வெயில் காலத்துல தட்டிப் பாருங்க, சில கதவுல நடுப்பலகை லேசா கடகடன்னு ஆடும். அது பழசாகி லூசானது இல்ல, செஞ்ச ஆசாரி வேணும்னேதான் அப்படி விட்டிருக்கார். சட்டம் கதவோட அளவைப் பிடிச்சு நிறுத்தும், உள்ள இருக்கற அகலப் பலகை காடிக்குள்ள சுதந்திரமா மிதக்கும். அத்தனை மழையும் வெயிலும் பார்த்தும் அந்தக் கதவு வெடிக்காம நிக்குதுன்னா காரணம் அந்த ஆட்டம்தான். எனக்கு இதை நினைச்சா இன்னைக்கும் அந்தக் கைகள் மேல பெரிய மரியாதை வரும்.

நம்ம கதவு ஒவ்வொன்னும் பதினேழரை இன்ச் அகலம். நெட்டுச்சட்டம் (கதவோட ரெண்டு பக்கமும் நெட்டா நிக்கற சட்டம்) ரெண்டரை இன்ச், அப்ப வெளிய தெரியற நடுப்பலகை பன்னிரண்டரை இன்ச், காடிக்குள்ள போறதையும் சேர்த்தா 13 இன்ச். அடிக்கு ஒரு நூல்னா இதுக்கு ஒரு நூலுக்கு சற்று மேல, சுமார் 3 மி.மீ. காடியை 3 நூல் ஆழம் போடுங்க. காய்ஞ்ச காலத்துல செய்யறீங்கன்னா பலகை ஒவ்வொரு பக்கமும் காடிக்குள்ள 2 நூல் போகட்டும், 1 நூல் காலியா நிக்கட்டும். மொத்தம் ரெண்டு நூல் காலி, வரப் போற அசைவு ஒரு நூல், நிம்மதியா தாங்கும். மழைல செஞ்சா காலியிடம் ஒவ்வொரு பக்கமும் அரை நூல் போதும், சுருங்கும்போது பலகை காடியை விட்டு வெளிய வராம இருக்கறதுதான் அப்ப கவலை. மேல கீழ காடில அரை நூல் இருந்தாலே அதிகம், அந்தத் திசைல மரம் அசையாது.

வரிசை மாறாம செய்யுங்க. முதல்ல சட்டங்களுக்கு மூட்டு போட்டு, பசை இல்லாம ஒருமுறை சேர்த்துப் பாருங்க. அடுத்து நடுப்பலகையைக் கழட்டி அதுக்கு மட்டும் தனியா கலர், பாலிஷ் எல்லாம் முடிங்க, முக்கியமா ஓரம் வரைக்கும், காடிக்குள்ள மறையற பகுதிக்கும் சேர்த்து. இதைச் செய்யாம கதவை மாட்டினதுக்கப்புறம் பாலிஷ் போட்டா வெயில்ல பலகை சுருங்கும்போது ஓரத்துல பாலிஷ் படாத வெளிர் கோடு ஒன்னு வெளிய வரும், பாக்க அசிங்கமா இருக்கும், அது மட்டுமில்லாம வழிஞ்ச பாலிஷே பலகையைக் காடில ஒட்ட வச்சிடும். அதுக்கப்புறம் சட்டத்து மூட்டுக்கு மட்டும் பசை போட்டு சேருங்க, பசை உள்ள வழிஞ்சு பலகைல படாம இருக்க பலகையோட நாலு மூலைலயும் கொஞ்சம் மெழுகு தேச்சு விடுங்க. கடைசியா மேல ஒன்னு கீழ ஒன்னு, பலகையோட சரியான நடுவுல, பின்பக்கம் இருந்து ஒரு சின்ன ஆணி. இதனால பலகை ஒரு பக்கமா நகராம, நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் சமமா அசையும்.

சட்டத்தோட அகலமும் அசையும்ங்கறதை மறந்துடக் கூடாது. ரெட்டைக் கதவுல நாலு நெட்டுச்சட்டம், மொத்தம் 10 இன்ச் மரம், 5 சதவீதத்துக்கு 2.3 மி.மீ. கதவு பெட்டிக்குள்ள உக்கார்ற மாதிரி செஞ்சா இடது, நடு, வலது மூணு இடைவெளிலயும் இது பங்காகும், ஒன்னுக்கு முக்கால் மி.மீ. அதனால வெயில்ல செஞ்சா ஒவ்வொரு இடைவெளியும் 2 மி.மீ., மழைல செஞ்சா ஒன்னே கால் போதும். நெட்டுச்சட்டத்துக்கு நின்ன ரேகைக் கட்டையா பொறுக்கி எடுங்க, அசைவும் பாதியாகும், கோணவும் கோணாது. மரம் பொறுக்கறதுல நான் ரொம்ப நேரம் செலவு பண்றது இதுக்குத்தான்.

சட்டம் இல்லாம ஒரே பலகையா கதவு வேணும்னா பின்னாடி குறுக்குப் பட்டை போட வேண்டி வரும், அதுக்கும் பசை இல்லாம நீள ஓட்டை ஸ்க்ரூதான். ஆனா நம்ம கடலோர ஈரத்துக்கு நான் அதை யாருக்கும் செஞ்சு கொடுக்க மாட்டேன்.

டிராயர், முதுகு

டிராயர் முகப்பு 8 இன்ச் உயரம்னா ரேகை இடமிருந்து வலம், அப்ப அது உயரத்துல அசையும், சுமார் 2 மி.மீ. வெயில்ல செஞ்சா மேல 3 மி.மீ. இடைவெளி விடுங்க, பக்கத்துல 1 மி.மீ. இருந்தா போதும். கார்த்திகைல டிராயர் சிக்கிக்கறது பெரும்பாலும் மேல்பக்கம்தான், பக்கம் இல்ல. டிராயர் அடிப்பலகைக்கு ப்ளைவுட் போட்டா பிரச்சனையே இல்ல. முழு மரம்னா ரேகை இடமிருந்து வலம் போகட்டும், முன்னாடி முகப்புக் காடிக்குள்ள ஒட்டிடுங்க, பின்பலகையை அடிப்பலகைக்கு மேலயே முடிச்சுட்டு, கீழ இருந்து நீள ஓட்டைல ஒரு ஸ்க்ரூ. உப்பினா பின்னாடி நீட்டிக்கும், அதுக்கு டிராயருக்குப் பின்னாடி இடம் இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க.

முதுகுக்கு 3 அடி அகலத்துக்கும் ஒரே பலகையா ஒட்டினீங்கன்னா 3 நூல் அசையும், பெட்டியையே நெம்பித் திறந்துடும். 4 இன்ச் பலகைகளா நெட்டுவாக்குல நிறுத்தி, ஒன்னோட நாக்கு இன்னொன்னோட காடில போற மாதிரி செஞ்சு, ஒவ்வொரு பலகைக்கும் மேல ஒன்னு கீழ ஒன்னு நடுவுல ஸ்க்ரூ. பலகைக்குப் பலகை பசை கிடையாது. ஒவ்வொன்னும் 1 மி.மீ.தான் அசையும், வெயில்ல செஞ்சா நடுவுல ஒன்னரை மி.மீ. விடுங்க (பழைய ஏடிஎம் கார்டை ரெண்டா சேர்த்து வச்சா சரியா அந்தத் தடிமன்).

பாலிஷும் வைக்கற இடமும்

மெலமைன், பியூ (பாலியூரித்தேன்), எண்ணெய் எதுவா இருந்தாலும் அசைவை நிறுத்தாது, மெதுவாக்கும், அவ்வளவுதான். ஆனா வெளிமுகத்துக்கு மூணு கோட், உள்முகத்துக்கு ஒன்னுமில்லன்னு விட்டா ஒரு பக்கம் வேகமா ஈரம் ஏறி பலகை கூன் விழும். கண்ணுக்குத் தெரியாத பக்கம்னாலும் அதே எண்ணிக்கை கோட் போடுங்க, முனைகளுக்கு ஒரு கோட் கூடவே போடுங்க. அலமாரியை சுவரை ஒட்டி வைக்காதீங்க, ஒரு இன்ச் இடம் விடுங்க. புது வீடுன்னா பூச்சு காயறதுக்கு மாசக்கணக்கா ஆகும், அந்த ஈரம் முழுக்க உங்க அலமாரி முதுகுல போய் ஏறும், அதனால கிரகப்பிரவேசத்துக்கு மறுநாளே கொண்டு போய் நிறுத்தாதீங்க.

முதல் மழைக்கு அப்புறம்

மழைல கதவு சிக்கினதும் இழைப்புளியைத் தூக்காதீங்க. அது அப்ப ரொம்ப உப்பின நிலைல இருக்கு, நல்லா ஓடுற அளவுக்கு இழைச்சுட்டா சித்திரைல பெரிய சந்தா நிக்கும். சிக்கற இடத்துல மட்டும் ஒரு சீவல் எடுங்க, இழைச்ச இடத்துல உடனே பாலிஷ் தொட்டு விடுங்க, மிச்சத்தை மாசி மாசம் பாத்துக்கலாம்.

நான் இப்ப ஒவ்வொரு கதவுலயும் செய்யற ஒரு சின்ன வேலை: மாட்டின அன்னைக்கு கதவோட உள்பக்கம் நடுப்பலகைல, நெட்டுச்சட்டத்தை ஒட்டினாப்புல கூர் பென்சிலால ஒரு மெல்லிய கோடு இழுத்து பக்கத்துல மாசத்தை எழுதிடுவேன். வெயில்ல செஞ்சதுன்னா மழைல அந்தக் கோடு சட்டத்துக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும், மழைல செஞ்சதுன்னா சித்திரைல கோடு சட்டத்தை விட்டு விலகி நிக்கும், எவ்வளவு விலகியிருக்குன்னு ஸ்கேல் வச்சு அளந்து பக்கத்துலயே எழுதிடுவேன். பலகை ரெண்டு பக்கமும் அசையறதால அந்த அளவை ரெண்டால பெருக்கிக்கணும். அதே வீட்டுக்கு அடுத்த அலமாரி செய்யும்போது காடில எவ்வளவு காலி விடணும்னு அந்த எண்ணைப் பாத்துத்தான் முடிவு பண்றேன்.